எதிர் நாற்காலி

தம்பி, காதுல மாட்டியிருக்கிறதக் கொஞ்சம் கழட்டுங்க. காலை மடக்குனீங்கன்னா நான் ஜன்னல் பக்கம் போய்க்குவேன். ஆங், போதும். முன்னாடி எடம் கிடக்குதேங்கிறீங்களா? கிடக்கு, பார்த்துட்டுத்தான் வந்தேன். எனக்கு இந்தப் பின்சீட்டுத்தான் தோது. முப்பத்தோரு வருஷம் இங்கன நின்னே பொழப்ப ஓட்டுனவன். கண்டக்டர். பேரு அய்யாத்துரை. ரிடையராகி நாலு வருஷம் ஆச்சு. சாத்தூர்ல வீடு, இப்பக் கோவில்பட்டிக்கு ஒரு சோலியாப் போறேன்.

இந்தக் கண்டக்டரப் பாருங்க. டிக்கெட் கேட்ட அம்மா மூஞ்சியப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறார். எங்க காலத்துல அதெல்லாம் ஆகாது. கண்டக்டர்னா மூஞ்சியப் பார்க்கக்கூடாது தம்பி, கையத்தான் பார்க்கணும். எந்தக் கை நீளுது, எந்தக் கை மடங்குது, அவ்வளவுதான் கணக்கு. ஒரு நாளைக்கு ஆயிரம் கை பார்த்திருப்பேன். ஒரு மூஞ்சி ஞாபகம் இருக்கான்னு கேட்டா, இல்ல.

டிரைவர் தலைக்கு மேல நீளமா ஒரு கண்ணாடி தொங்குது பாருங்க. அது எதுக்குன்னு நினைக்கிறீங்க? கூட்டத்துல சில நேரம் விசில் கேக்காது. அப்ப டிரைவர் அந்தக் கண்ணாடியில எங்களப் பார்ப்பாரு. நாங்க தலைய ஆட்டுனா வண்டி கிளம்பும். முழு பஸ்ஸும் அதுல தெரியும், கடைசி சீட்டு வரைக்கும். எவன் எவ தோள்ல சாஞ்சு தூங்குறான்னு கூடத் தெரியும்.

விசில்னு சொன்னதும் ஞாபகம் வருது. எங்க வீட்டுல ஒரு பழக்கம். டூட்டி முடிஞ்சு வந்தா நான் கதவத் தட்ட மாட்டேன், பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டேன். கேட்டுல நின்னு ஒரே ஒரு விசில். உள்ள இருந்து சண்முகத்தாயி வந்து கதவத் திறப்பா. சண்முகத்தாயி என் வீட்டுக்காரி. கல்யாணமான புதுசுல விளையாட்டா ஆரம்பிச்சது. தெருவுல எல்லாரும் கேலி பண்ணுவாங்க, அய்யாத்துரை வீட்டுலயும் வண்டி ஓட்டுறாரு, டிரைவர் யாருன்னுதான் தெரியலன்னு. அவ காதுல வாங்க மாட்டா. கையில மாவு இருந்தாலும் சரி, தண்ணி பிடிச்சுக்கிட்டிருந்தாலும் சரி, ஒரு விசிலுக்கு வந்துருவா. இருபத்தாறு வருஷம் அப்படி.

எட்டு வருஷத்துக்கு முன்னால ஒரு நாள் அடிச்சேன், வரல. மறுபடி அடிச்சேன், வரல. கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போனா, அடுப்படியில நின்னு குழம்பு கிண்டிக்கிட்டிருக்கா. என்னப் பார்த்ததும், "எப்ப வந்தீக?"ங்கிறா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. மக தமிழரசியக் கட்டிக்கொடுத்த வருஷம் அது. சீர் விஷயத்துல எனக்கும் அவளுக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல். அந்தக் கோவத்தத்தான் இப்படிக் காட்டுறான்னு நினைச்சேன். இன்னும் ஒரு வாரம் அடிச்சுப் பார்த்தேன். மகாராணி அசையல. சரிதான் போடின்னு விசிலத் தூக்கிப் பெட்டியில போட்டேன். அப்புறம் வீட்டுல எடுக்கவே இல்ல.

நான் கெட்டவன் இல்ல தம்பி. கை நீட்டுனதில்ல, குடிச்சதில்ல. சம்பளத்தக் கவரோட கொண்டாந்து கொடுத்தவன். ஆனா ஒண்ணு, பேச்சு குறைஞ்சுபோச்சு. டிவியப் பார்த்துக்கிட்டே 'காப்பி'ன்னுவேன், வராது. பேப்பருக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டே 'துண்ட எங்க வச்ச'ன்னுவேன், பதில் வராது. நாலு தடவ கேட்டுட்டு நானே போய் எடுத்துக்குவேன். திமிருன்னுதான் நினைச்சேன். எல்லாத்துக்கும் மன்னிப்பும் கேட்டாச்சு, அது வேற விஷயம். வாய்விட்டே கேட்டாச்சு.

இப்பக் கதைக்கு வர்றேன். எங்க பக்கத்து வீட்டுல ஜெயக்கொடி டீச்சர்னு ஒருத்தங்க. போன வருஷம் சித்திரையில அவங்கதான் சண்முகத்தாயியக் கோவில்பட்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க லைப்ரரி மாடியில ஞாயித்துக்கிழமை ஒரு படம் வரையிற வகுப்பு. இந்துஜான்னு ஒரு பொண்ணு நடத்துது. முப்பது வயசுகூட இருக்காது. நான் சரி, ரெண்டு கோலம் பூவுன்னு ஏதோ போடட்டும்னு விட்டுட்டேன்.

அங்க பூவும் இல்ல, கோலமும் இல்ல. மூஞ்சிதான். சீட்டுக் குலுக்கிப் போட்டு ரெண்டு ரெண்டு பேராச் சேர்ப்பாங்களாம். நாற்காலிய எதிரெதிரப் போட்டு உக்காரணும். ஒருத்தர் பத்து நிமிஷம் தன் கதை எதையாவது பேசணும், மத்தவர் அவர் மூஞ்சியப் பார்த்து வரையணும். தாளக் குனிஞ்சு பார்க்கக்கூடாது, கண்ண மூஞ்சியிலயே வச்சுக்கணும். அப்புறம் மாத்திக்கணும். பத்து வயசுப் பிள்ளையும் இருக்கும், எழுபது வயசுக் கிழமும் இருக்கும். தாளப் பார்க்காம வரைஞ்சா எப்படி வரும்? கண்ணு காதுக்கிட்ட இருக்கும், மூக்கு தனியாப் போகும். எல்லாரும் அதப் பார்த்துச் சிரிப்பாங்களாம்.

அவ வீட்டுக்கு வந்து அதையெல்லாம் சொல்லுவா தம்பி. எட்டு வருஷமாப் பேசாதவ, ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா அன்னிக்கு எதிர்ல உக்காந்தது யாரு, அவங்க வீட்டுல என்ன, அவங்க ஆடு எத்தனை குட்டி போட்டுச்சு, எல்லாம் ஒப்பிப்பா. நான் டிவியப் பார்த்துக்கிட்டே 'உம், உம்'முன்னு கேப்பேன். இவளுக்கு ஊர்ப்பேச்செல்லாம் காதுல விழுது, நான் காப்பி கேட்டா மட்டும் விழ மாட்டேங்குதேன்னு உள்ளுக்குள்ள ஒரு கடுப்பு.

ஆடி மாசம் ஒரு ஞாயிறு. பென்ஷன் சங்கக் கூட்டத்துக்குக் கோவில்பட்டி போனவன், வர்ற வழியில அந்த மாடிக்கு ஏறினேன். சும்மா, கூட்டிட்டு வரலாமேன்னு. கதவுகிட்ட நின்னு பார்க்கறேன். சண்முகத்தாயி நாற்காலியில உக்காந்திருக்கா. எதிர்ல ஒரு ஆளு. முட்டிக்கும் முட்டிக்கும் ஒரு முழம்தான் இருக்கும். லாரி மெக்கானிக்காம், பேரு கருத்தபாண்டி. சின்ன வயசுல அவங்க ஆத்தா அவன லாரி டயருக்குள்ள உக்கார வச்சுக் குளிப்பாட்டுன கதையச் சொல்லிக்கிட்டிருக்கான். இவ அவன் மூஞ்சியவே பார்க்கிறா. கண்ணு, உதடு, வாய்னு வச்ச கண்ணு வாங்காமப் பார்க்கிறா. பார்த்துட்டுக் கலகலன்னு சிரிக்கிறா.

முப்பத்தி நாலு வருஷத்துல என் மூஞ்சிய அவ அப்படிப் பார்த்ததில்ல தம்பி. யாரும் பார்க்குமுன்ன கீழ எறங்கி நின்னு, வகுப்பு முடிஞ்சதும் கூட்டிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு, "இனிமே அங்க போக வேண்டாம்"னேன்.

அவ சண்டை போடல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மறுநாளே நான் கடைக்குப் போய் ஒரு டேப்லெட் வாங்கிட்டு வந்தேன். நல்ல கம்பெனி, பெரிய திரை. அதுல ஓவிய வகுப்பு ஒண்ணு சேர்த்துவிட்டேன். வீட்டுல உக்காந்துக்கிட்டே படிக்கலாம், வெயில்ல அலைய வேண்டாம், பஸ்ஸுல இடிபட வேண்டாம். பொண்டாட்டி வேணும்னு கேக்காமலே யாரு தம்பி வாங்கிக் கொடுப்பா? தமிழரசி கூட ஓசூர்ல இருந்து போன் போட்டு, "அப்பா பரவாயில்லையே"ன்னுச்சு.

அதப் பிரிச்சு அவ கையில கொடுத்தப்ப அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "இதுல பேசுறவங்க மூஞ்சி தெரியுமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வேண்டாம், சொல்லக்கூடாது. சரி, சொல்றேன், இவ்வளவு சொல்லியாச்சு. "எவன் மூஞ்சிடி பார்க்கணும் உனக்கு?"ன்னேன்.

ஐம்பத்தேழு வயசு மனுஷியப் பார்த்துக் கேட்டேன். மகளக் கட்டிக்கொடுத்துப் பேரன் எடுத்தவளப் பார்த்து. அவ டேப்லெட்ட வாங்கி மடியில வச்சுக்கிட்டா. அட்டைப்பெட்டியக்கூடக் கிழிக்காம மடிச்சு அலமாரியில வச்சா.

அப்புறம் தினம் மத்தியானம் அதத் திறந்து உக்காருவா. முதல் நாளு சத்தம் பெரிசா வச்சா, நான் "தெருவே கேக்குது, குறை"ன்னேன். குறைச்சுட்டா. குறைச்சுக் குறைச்சு ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டா. அதுல ஒரு பொம்பளக் கை மட்டும் வரும் தம்பி. கை, பென்சில், தாளு. குரல் எங்கிருந்தோ வரும். ஆளு தெரியாது. இவ அந்தக் கையப் பார்த்துப் பார்த்துப் போடுவா. ஆப்பிள் போட்டா, கூஜா போட்டா. அச்சு அசலா இருக்கும். நான் வர்றவன் போறவனுக்கெல்லாம் எடுத்துக் காட்டுனேன். அங்க போனப்ப மூக்கு ஒரு பக்கம் கண்ணு ஒரு பக்கம் போட்டவ, பாருங்க இப்ப எவ்வளவு சுத்தம்னு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பேச்சு நின்னுபோச்சு. ஆப்பிளப் பத்திப் பேச என்ன இருக்கு.

வகுப்புல இருந்து ஜெயக்கொடி டீச்சர்கிட்டச் சொல்லிவிடுவாங்க, அம்மா ஏன் வரலன்னு. நான் உடம்பு சரியில்லன்னு சொல்லி அனுப்புவேன். இப்படி ஆடி போச்சு, தீபாவளி போச்சு, பொங்கலும் போச்சு.

மாசி மாசம் அந்தப் பொண்ணு இந்துஜாவே நேர்ல வந்துருச்சு. கண்காட்சி வைக்கப் போறாங்களாம், அம்மாவோட படங்களயும் வாங்கிட்டுப் போகணும்னு. நான்தான் கதவத் திறந்தேன். என்னப் பார்த்துட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சுச்சு. "ஐயாவ இன்னிக்குத்தான் முன்பக்கமாப் பார்க்கிறேன்"னுச்சு.

எனக்குப் புரியல. அது உள்ள வந்துச்சு. சண்முகத்தாயி எங்களுக்கு முதுகக் காட்டி உக்காந்து துணி மடிச்சுக்கிட்டிருந்தா. நான் இங்க இருந்தே, "ஏய், யாரு வந்திருக்கான்னு பாரு"ன்னேன். திரும்பல. பாரும்மா இவ திமிரன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு சுத்திக்கிட்டுப் போய் அவ முன்னாடி குத்தவச்சு உக்காந்து, மூஞ்சிக்கு நேரா மூஞ்சிய வச்சு, "அம்மா, நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்டுச்சு. இவ முகம் மலர்ந்ததப் பார்க்கணுமே. அந்தப் பொண்ணு கன்னத்த ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா.

காப்பி போட அவ உள்ள போனப்ப நான் கேட்டேன், ஏம்மா அப்படிச் சுத்திக்கிட்டுப் போனன்னு. அது சாதாரணமாச் சொல்லுது, "அம்மாவுக்குப் பின்னால இருந்து பேசுனா கேக்காதுல்ல சார். உதட்டப் பார்த்துத்தானே புரிஞ்சுக்குவாங்க. வகுப்புல ரெண்டாவது வாரமே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. எதிர்ல உக்காந்து பேசுற எடம் அது ஒண்ணுதான்னு சொல்லுவாங்க"ன்னு. சொல்லிட்டு என்ன ஒரு மாதிரிப் பார்த்துச்சு. "உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும், தெரியும்"னேன். தம்பி, அந்தப் பொய்ய எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல. கட்டுன பொண்டாட்டிக்குக் காது கேக்காதுங்கறது எனக்குத் தெரியாது, ரெண்டே வாரத்துல ஒரு லாரி மெக்கானிக்குக்குத் தெரிஞ்சிருக்குன்னு எப்படிச் சொல்றது?

அதோட விட்டுச்சா? "உங்க விசில் கதைய எல்லாருக்கும் சொல்லியிருக்காங்க சார். கருத்தபாண்டி அண்ணன்கிட்டத்தான் முதல்ல சொன்னாங்க. ஒரு நாள் திடீர்னு நீங்க விசிலடிக்கிறத நிறுத்திட்டீங்களாமே. என்ன கோவம்னு தெரியல, கேக்கவும் பயமா இருந்துச்சுன்னாங்க. மறுபடி ஒரு தடவ அடிக்கக் கூடாதா சார்?"னு கேக்குது.

நான் நிறுத்தலியே தம்பி. நான் ஒரு வாரம் அடிச்சேனே. அவ வரலன்னு நான் கோவிச்சுக்கிட்டேன், நான் அடிக்கலன்னு அவ கலங்கிப்போயிருக்கா. ஒரு வீட்டுக்குள்ள எட்டு வருஷம். பின்னால காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனப்ப அவர் சொல்றார், விசில் மாதிரிக் கீச்சுச் சத்தம்தான் முதல்ல போகுமாம்.

அவ என்கிட்டச் சொல்லலியான்னு நீங்க கேப்பீங்க. சொன்னா. அதுதான் என்னத் தூங்கவிட மாட்டேங்குது. ஒரு நாள் டிவி பார்த்துக்கிட்டிருந்தப்பப் பின்னால வந்து நின்னு, "எனக்குக் காது சரியாக் கேக்க மாட்டேங்குதுங்க"ன்னா. நான் திரும்பாம, "வயசானா எல்லாருக்கும் அப்படித்தான், எனக்கு என்ன வாழுதாம்"னேன். அவ்வளவுதான். நான் சொன்னது அவளுக்குக் கேட்டுச்சோ என்னமோ. திரும்பாமச் சொன்னேனே.

அந்தப் பொண்ணு போனப்புறம் படநோட்ட எடுத்துப் பார்த்தேன். வகுப்புக்குப் போன நாள்ல வீட்டுப்பாடம் கொடுத்திருக்காங்க, வீட்டுல இருக்கிறவங்கள வாரம் ஒரு தடவ வரைஞ்சிட்டு வரணும்னு. பதினாலு படம் தம்பி. பதினாலும் நான்தான். பதினாலும் என் பின்னந்தலை. வழுக்கை, பிடரியில மடிப்பு, பனியன்ல ஓட்டை, அதுக்கு அந்தப் பக்கம் டிவி. குறும்புக்குச் செஞ்சதில்ல. அவளுக்குத் தெரிஞ்சத வரைஞ்சிருக்கா. ஒரு படத்துக்குக் கீழ மட்டும், 'திரும்புவாரான்னு பார்த்தேன்'னு எழுதியிருந்துச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் பெட்டியில கிடந்த விசில எடுத்தேன். அவ அடுப்படியில அவரைக்காய் நறுக்கிக்கிட்டிருந்தா. பின்னால போய் நின்னு ஊதுனேன். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குலைச்சிருச்சு. அவ காய நறுக்கிக்கிட்டே இருக்கா. அப்பத்தான் எனக்கு உடைஞ்சுபோச்சு. அங்கனயே நின்னு அழுதுக்கிட்டே சொன்னேன், சண்முகத்தாயி, தப்புப் பண்ணிட்டேன், உன்னக் கேக்கக்கூடாத கேள்வி கேட்டுட்டேன், என்ன மன்னிச்சுருன்னு. எல்லாம் சொல்லிட்டேன். மூக்கத் துடைச்சுக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

என்ன கேக்குறீங்க? அவ என்ன சொன்னான்னா? ஒண்ணும் சொல்லல. நான்தான் சொல்றேனே, நறுக்கிக்கிட்டிருந்தான்னு.

ஆமா. பின்னால நின்னுதான் சொன்னேன்.

நீங்க சின்ன வயசு, உங்களுக்குச் சுலபமாத் தெரியுது. முன்னாடி போய் நின்னு சொல்லலாம்னு அதுக்கப்புறம் எத்தனையோ தடவ போனேன். நிமிர்ந்து பார்ப்பா. பார்த்ததும், "உப்பு கம்மியா இருந்துச்சோ?"ன்னு எதையாவது கேட்டுட்டு வந்துருவேன். காது மெஷினுக்கு அளவு கொடுத்திருக்கு, அடுத்த வாரம் வந்துரும், வந்தா எல்லாம் சரியாப்போயிரும்னு இந்துஜாகிட்டச் சொன்னேன். "வரட்டும் சார், நல்லதுதான். ஆனா இந்த ஞாயிறு நீங்க ரெண்டு பேரும் வகுப்புக்கு வாங்க. சீட்டெல்லாம் குலுக்கல. அம்மாவுக்கு எதிர் நாற்காலி உங்களுக்குத்தான்"னு சொல்லிருச்சு.

அதான் இன்னிக்கு. அவ வரைவா, நான் பத்து நிமிஷம் பேசணும். அவ என் மூஞ்சியவே பார்ப்பா, நான் எங்க திரும்புறது? ராத்திரியெல்லாம் யோசிச்சேன், எங்க ஆரம்பிக்கன்னு தெரியல. முன்னப்பின்னத் தெரியாத ஒரு ஆளுகிட்ட ஒரு தடவ சொல்லிப் பார்த்தா வாய் பழகும்னு நினைச்சேன். கோவிச்சுக்காதீங்க தம்பி. உங்களப் பிடிச்சு வச்சு ஒத்திகை பார்த்துட்டேன்.

அவங்க எங்கன்னு கேக்குறீங்களா? அதோ, இடது பக்கம் மூணாவது சீட்டு, மஞ்சச் சேலை, கதம்பம் வச்சிருக்கா. பக்கத்து எடம் காலியாக் கிடக்கு பாருங்க. மஞ்சப்பைய வச்சு எனக்குப் போட்டு வச்சிருந்தா. நான்தான் காலு நீட்ட வசதியா இருக்கும்னு சைகை காட்டிட்டு இங்க வந்துட்டேன். சாத்தூர்ல இருந்து அவ பின்னந்தலையத்தான் பார்த்துக்கிட்டு வர்றேன். பாதி நரைச்சுப்போச்சு. எனக்குத் தெரியவே தெரியாது.

இருங்க.

தம்பி, அந்தக் கண்ணாடியப் பாருங்க. டிரைவர் தலைக்கு மேல. அதுல மஞ்சச் சேலை தெரியுதா? அவ மூஞ்சி தெரியுதா? அவ ரோட்டப் பார்க்கல. என்னத்தான் பார்க்கிறா. என் வாயத்தான் பார்க்கிறா. எப்ப இருந்து பார்க்கிறா? முப்பத்தோரு வருஷம் அந்தக் கண்ணாடியப் பார்த்துத் தலையாட்டுனவன், எனக்கு அது தோணலியே.

அழுகிறாளா? வண்டி குலுங்குது, சரியாத் தெரியல. உதடு அசையுது. என்னமோ சொல்றா. உங்களுக்கு நல்ல கண்ணு, பாருங்க தம்பி, என்ன சொல்றா? தெரியலியா? எனக்கும் தெரியல. உதட்டப் பார்த்துப் படிக்க எனக்கு வராதே. நான் கையத்தான பார்த்துப் பழகினேன்.

காலைக் கொஞ்சம் மடக்குங்க. கோவில்பட்டி வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, நான் முன்னாடி போறேன்.